அம்மா புடவையில் பதிமூன்று அங்குலம்

(நமது சங்கத்தின் கோவைக் கிளை நடத்திய குடும்ப மாலையில் பேசியதன் எழுத்து வடிவம். பேசியவர்: மெக்கானிக்கல், 2011ஆம் ஆண்டு அணி)



போன கூட்டத்தில் ஒரு சீனியர் சோலார் பம்பு பற்றிப் பேசினார். அதற்கு முந்தைய கூட்டத்தில் டாக்டர் ஒருவர் ரத்தக்கொதிப்பு பற்றிப் பேசினார். இன்றைக்கு நான் தையல் பற்றிப் பேசப்போகிறேன் என்று செயலாளர் அறிவித்ததும் பின்வரிசையில் என் கிளாஸ்மேட்டுகள் சிரித்த சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது. சிரிங்கப்பா. அந்த வரிசையிலேயே இரண்டு பேர் வீட்டில் நான் தைத்த விரிப்பில்தான் குழந்தை தவழ்ந்தது.

பகலில் நான் ஒரு பம்பு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். ராத்திரி சாப்பாடு முடிந்து ஒன்பது மணிக்கு மேல் ஒட்டுப்போர்வை தைக்கிறேன். வெள்ளைக்காரர்கள் குவில்ட் என்று சொல்கிறார்களே, அது. விஷயம் ரொம்ப எளிது. மேலே துண்டுத் துணிகளை இணைத்த ஒரு அடுக்கு, நடுவில் கதகதப்புக்கு ஒரு அடுக்கு, அடியில் முழுத்துணி ஒரு அடுக்கு. மூன்றும் நழுவாமல் இருக்க ஊடே தையல். இதற்கு மேல் இதில் ரகசியம் எதுவும் கிடையாது.

இதை ஏதோ அமெரிக்கச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். வங்காளத்தில் காந்தா என்று பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடுகிறார்கள். வடமொழியில் கந்தா என்றால் ஒட்டுப்போட்ட துணி. நாம் சொல்கிற 'கந்தை'யும் அந்தச் சொல்தான். மகாராஷ்டிரத்தில் இதற்கு கோதடி என்று பெயர், வட கர்நாடகத்தில் கவுதி. உத்தர கன்னட மாவட்டத்துக் காடுகளை ஒட்டி வாழும் சித்தி இனப் பெண்கள் (இவர்களுடைய முன்னோர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள்) கவந்த் என்று ஒன்று தைக்கிறார்கள். ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். கடைசியில் நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து ஒரு பூ வைக்க வேண்டும். அந்தப் பூ இல்லாத போர்வை அவர்கள் கணக்கில் அம்மணமான போர்வை! நம் பக்கம் பழைய நூல் புடவை என்றால் நேரே தூளிக்குப் போய்விடும். இந்த அரங்கில் அப்படித் தூளியில் தூங்காமல் வளர்ந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

என் மெஷின் என் அம்மாவுடையது. காலால் மிதிக்கிற பழைய பெடல் மெஷின். நான் ஹாஸ்டலில் இருந்த நாலு வருஷமும் அம்மா அதில் அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைத்துத்தான் என் மெஸ் பில்லைக் கட்டினார். ஒரு ஜாக்கெட்டுக்கு 35 ரூபாய். கொக்கி வைத்து, எம்மிங் பண்ணி. மெஸ்ஸில் சாம்பார் தண்ணியா இருக்குன்னு நாம ஸ்ட்ரைக் பண்ணின அன்றைக்கு எத்தனை ஜாக்கெட் வீணாப்போச்சுன்னு பின்னால் கணக்குப் போட்டிருக்கிறேன்.

மெஷின் பற்றி எஞ்சினியர்களுக்காக ஒரு வார்த்தை. கைத்தையல் ஊசிக்குக் காது பின்பக்கம். மெஷின் ஊசிக்குக் காது முனையில். இந்த ஒரு மாற்றம்தான் அடிப்படை. முனைக்காது ஊசியையும் அடியில் ஓடுகிற ஷட்டிலையும் சேர்த்து எலியாஸ் ஹோவ் 1846ல் காப்புரிமை வாங்கினார். சிங்கர் வாங்கியது 1851ல். இயந்திரங்களைக் கண்டால் ஆகாது என்று பேர் வாங்கிய காந்திஜிகூட 1924ல் பேசும்போது சிங்கர் மெஷினுக்கு விலக்கு கொடுத்தார். அதுக்கு மேல நமக்கு என்ன சர்டிஃபிகேட் வேணும்?

இனி சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2021ல் அம்மா தவறிவிட்டார். பட்டுப் புடவைகளை அக்கா எடுத்துக்கொண்டார். நூல் புடவைகள் பீரோவிலேயே இருந்தன, நாற்பதுக்கு மேல். அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த பீரோவை அவர் திறக்கவும் மாட்டார், மற்றவர்களைத் திறக்க விடவும் மாட்டார். இரண்டு வருஷம் அப்படியே ஓடியது.

உங்களில் பாதிப்பேர் வீட்டில் இப்படி ஒரு பீரோ இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு மெட்டீரியல்ஸ் பாடம் சொல்லிவிடுகிறேன். பூட்டி வைத்தால் துணி பத்திரமாக இருக்கும் என்பது நம் நினைப்பு. மடித்த இடத்திலேயே வருஷக்கணக்கில் மடிந்திருக்கும் பட்டு, அந்த மடிப்பிலேயே இற்று விடும். ஜரிகையில் இருக்கும் வெள்ளியும் செம்பும் காற்றில் கறுத்துப்போகும். ஈரம் ஏறிய நூல் புடவையில் பூஞ்சைக் கறை விழும். நம் பாட்டிமார் வருஷத்துக்கு இரண்டு தடவை புடவையை எடுத்து நிழலில் உதறி மடிப்பை மாற்றி வைத்தது சும்மா இல்லை.

2023 கார்த்திகையில் அப்பாவுக்கு இருமல் வந்து ராத்திரி குளிர் தாங்காமல் போனது. கடையில் வாங்கிய மயிர்க்கம்பளி உடம்பில் குத்துகிறது என்றார். அப்போதுதான் கேட்டேன்: "அம்மா புடவையில ஒரு போர்வை தைக்கட்டுமாப்பா?"

பெரியம்மா சத்தம் போட்டுவிட்டார். "போனவ சேலைய கத்திரி வெச்சு வெட்டறதா? எந்த ஊர் வழக்கம்டா இது?" அப்பா சத்தம் போடவில்லை. "வெட்டிப்போட்டா என்ன கண்ணு மிஞ்சும்?" என்று மட்டும் கேட்டார்.

அது நியாயமான கேள்வி. எத்தனை வெட்ட வேண்டும் என்பதை நானும் அதுவரை கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து போட்டேன். நீங்களும் கூடவே போட்டுப் பாருங்கள்.

ஒற்றைக் கட்டில் போர்வை 60 அங்குலம் அகலம், 90 அங்குலம் நீளம். 6 அங்குலச் சதுரமாக இணைத்தால் 10க்கு 15, மொத்தம் 150 சதுரம். தையலுக்குச் சுற்றிலும் கால் அங்குலம் விட வேண்டும் என்பதால் ஒவ்வொன்றையும் ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும். புடவையின் அகலம் 45 அங்குலம். குறுக்கே ஆறு சதுரம் கிடைக்கும். ஆறரை அங்குலத்தில் இரண்டு வரிசை வெட்டினால் பன்னிரண்டு. பன்னிரண்டு புடவையில் இப்படி எடுத்தால் 144 சதுரம். பாக்கி ஆறுக்கு ஒரே ஒரு புடவையில் இன்னொரு வரிசை.

ஆக, ஒரு புடவையிலிருந்து போவது 13 அங்குலம். ஒரு முழம்கூட இல்லை. ஐந்தரை மீட்டர் புடவை 216 அங்குலத்துக்கு மேல் வரும். இருநூறு அங்குலம் அப்படியே மிஞ்சும். அதுவும் முந்தானைப் பக்கம் போக வேண்டியதில்லை. உள்ளே சொருகுகிற தலைப்பில் எடுக்கலாம். அங்கேதான் வெயில் படாமல் சாயமும் புதுசாக இருக்கும். வெட்டிய ஓரத்தை மடித்து அடித்துவிட்டால் அந்தப் புடவையைத் திரும்பவும் கட்டலாம்.

காகிதத்தைக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். இருபத்தெட்டு வருஷம் டிக்கெட் கணக்குப் பார்த்தவர் இல்லையா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். பிறகு எழுந்து போய் பீரோவைத் திறந்தார்.

பன்னிரண்டு புடவையையும் அவரே எடுத்துக் கொடுத்தார். எடுக்கும்போதே பேச ஆரம்பித்தார். "இது 98 தீபாவளிக்கு கோ-ஆப்டெக்ஸ்ல, தள்ளுபடி போக 212 ரூபா." "இந்தச் சுங்குடி நாம மதுரைக்குப் போனப்ப. சாயம் போகும்னு சொன்னேன், கேக்கல. போகவும் இல்ல." "இது நீ காலேஜ் சேர்ந்த அன்னிக்குக் கட்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டுல அழுதுட்டு இதுலதான் மூஞ்சியத் துடைச்சா." அம்மா போனதிலிருந்து அம்மாவைப் பற்றி வாய் திறக்காத மனிதர், அன்று ராத்திரி பதினொன்றரை வரை பேசினார். நான் புடவைக்கு ஒன்று முதல் பன்னிரண்டு வரை நம்பர் போட்டு, அவர் சொன்னதையெல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில் அந்தந்த நம்பருக்கு நேராக எழுதி வைத்தேன். டிராயிங் ஷீட்டுக்குப் பார்ட்ஸ் லிஸ்ட் போடுவோமே, அது மாதிரி.

தைத்த கதை சுருக்கம். சாயம் போகுமா என்று ஒவ்வொரு புடவையின் மூலையையும் நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து இஸ்திரி போட்டுப் பார்க்க வேண்டும். அடித்துணிக்குக் காடாத்துணி, சுருங்கும் என்பதால் இரண்டு முறை துவைத்த பிறகே வெட்டினேன். நடுவில் வைக்க இலவம்பஞ்சு ஆகாது, துவைத்தால் மூலைக்கு மூலை திரண்டுவிடும். அப்பாவின் பழைய வேட்டிகளை இணைத்து வைத்தேன். துண்டுகளை இணைக்கிற தையல் மட்டும் மொத்தம் சுமார் 42 மீட்டர். ஒவ்வொரு தையலிலும் கால் அங்குலம் தாண்டி ஒரு 1/16 அங்குலம் கூடப் பிடித்தால் இரண்டு துண்டிலுமாக 1/8 போகும். நீளவாக்கில் 14 தையல், போர்வையில் ஒன்றே முக்கால் அங்குலம் காணாமல் போகும். டாலரன்ஸ் பாடத்தில் தூங்கியவர்களுக்கு இது உறைக்கும்.

மூன்று அடுக்கையும் சேர்க்கும்போது மெஷினை நம்பாதீர்கள். மெஷினின் பல் அடித்துணியைத்தான் இழுக்கும். மேல்துணி பின்தங்கிச் சுருக்கம் விழும். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் கையால் ஓட்டுத்தையல் போட்டேன். அதற்கு மட்டும் ஐந்து வாரம்.

அப்பா அதை எப்படிப் பயன்படுத்துகிறார் தெரியுமா? மார்கழி தை தவிர மற்ற மாதமெல்லாம் நாலாக மடித்து ஈஸி சேரில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்! முதலில் எனக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தது. கொடுத்த பிறகு அது அவருடையது, விட்டுவிட்டேன். ஏழாம் நம்பர் புடவைச் சதுரம் ஒன்று உட்கார்ந்து உட்கார்ந்து இற்றுப்போனது. பீரோவில்தான் ஸ்பேர் இருக்கிறதே, ஏழாம் நம்பரிலிருந்தே இன்னொரு சதுரம் எடுத்து மேலே வைத்துத் தைத்தேன். ஒன்பதாம் நம்பரை அக்கா பொங்கலுக்குக் கட்டிக்கொண்டு வந்தார். பெரியம்மா அதன் தலைப்பை இழுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. போன மாதம் ஒரு பை நிறையத் தன் பழைய புடவைகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இதையெல்லாம் செய்த பிறகுதான் ஒரு செய்தி படித்தேன். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவுக்குள் கீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். அடிமைகளாக இருந்தவர்களின் வம்சத்தினர் அங்கே வாழ்கிறார்கள். 1942ல் மிசௌரி பெட்வே என்கிற பெண்மணி, கணவர் இறந்ததும், அவர் வயலுக்குப் போட்டுக்கொண்டு போன வேலைத் துணிகளையே பிரித்துப் போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், அதையே போர்த்திக்கொள்ளவும். முழங்காலில் தேய்ந்த இடம், வெயிலில் வெளுத்த இடம் எல்லாம் அப்படியே தெரியும். அந்த ஊர்ப் போர்வைகளை 2002ல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் மியூசியத்தில் ஓவியம்போல மாட்டினார்கள். 2006ல் தபால்தலையும் வந்தது. மாட்டியதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அது போர்த்திக்கொள்ளத் தைத்தது.

மற்ற பரிசுகளைப் பற்றி இரண்டொரு வார்த்தை. குழந்தை பிறந்த வீட்டுக்குப் போர்வை கேட்கிறீர்கள். ஒரு வயது ஆகும்வரை தூங்குகிற குழந்தைமேல் தளர்வான போர்வை போடக் கூடாது, முகத்தை மூடிவிடும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அதனால் நான் தரையில் போடும் விரிப்பாகத்தான் தைப்பேன். பட்டன், மணி, ஜிகினா எதுவும் வைக்க மாட்டேன். பிடுங்கி வாயில் போட்டுக்கொள்ளும். பனியன் துணி டி-ஷர்ட்டில் தைக்கச் சொல்பவர்களே, அது இழுபடும். பின்னால் ஒட்டு கேன்வாஸ் வைத்துத்தான் வெட்ட வேண்டும். கேன்வாஸ் செலவு உங்களுடையது.

2024ல் நம்ம வொர்க்ஷாப் மாஸ்டர் ஓய்வு பெற்றார். பொன்னாடையும் கடிகாரமும் அவருக்கு ஏற்கெனவே நிறைய வந்திருக்கும். எங்கள் அணியில் ஆறு பேருடைய பழைய காக்கிச் சட்டைகளை வாங்கி, இரட்டை மடிப்பாக வைத்து, கருவிகள் வைத்துச் சுருட்டிக் கட்டுகிற ஒரு பை தைத்தேன். ஒவ்வொரு அரத்துக்கும் தனிப் பாக்கெட். அரத்தோடு அரம் உரசினால் பல் மழுங்கும் என்று முதல் வருஷமே திட்டிச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தானே. ஒரு பாக்கெட்டில் ரோல் நம்பர் மார்க்கிங் மையில் இன்னும் அழியாமல் இருந்தது, அதை வெளியே தெரிகிற மாதிரி வைத்தேன். மாஸ்டர் பையை விரித்தார். நன்றி எல்லாம் சொல்லவில்லை. ட்ரை ஸ்கொயரை எடுத்து மூலையில் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ம்... சரியா இருக்கு. ரெக்கார்டுல சைன் வாங்கிக்கோ" என்றார்.

வரும் ஜனவரி ரீயூனியனுக்கு நம் கல்லூரியின் மாணவர் விடுதி வாட்ச்மேன் அண்ணனுக்கு ஒரு போர்வை தைப்பதாக இருக்கிறேன். நம்மில் எத்தனை பேரை ராத்திரி இரண்டாவது ஆட்டம் முடிந்து கேட்டைத் திறந்து உள்ளே விட்டார்! அவருக்கு இரவுப் பணி இன்னும் இருக்கிறது, கேட் ஓரம் நல்ல குளிர். காக்கி, பழைய காட்டன் சட்டை, லுங்கி எதுவானாலும் கொடுங்கள். ஆறரை அங்குலச் சதுரம் நாலு வந்தால் போதும். தயவுசெய்து துவைத்துக் கொடுங்கள். வெளியே பதிவு மேஜைக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி வைத்திருக்கிறேன். யார் துணி எது என்று நம்பர் போட அங்கே ஒரு நோட்டும் இருக்கிறது.