யாருடைய சமுதாயம்? சமுதாய வானொலியும் நம் தெருக்கலைகளும்



இந்த மாவட்டத்தில் நினைவு நாள் என்ற சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு. 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து முதுகுளத்தூர் வட்டாரம் எரிந்தது. 2011இல் அதே நாளில், அவருக்கு அஞ்சலி செலுத்த மக்கள் கூடிய பரமக்குடியில் துப்பாக்கிச் சூடும் தடியடியும் நடந்தன. ஆறு பேர் உயிரிழந்தார்கள். ஆகவே இங்கே நினைவுகூர்வதே ஓர் அரசியல் செயல். நம் பாட்டிமாரும் அம்மாமாரும் இந்த நினைவுகளை எழுதி வைக்கவில்லை. ஒப்பாரியில் வைத்தார்கள், கும்மியில் வைத்தார்கள், நடவுப்பாட்டில் வைத்தார்கள். நம் வரலாற்றில் பெரும்பகுதி குரலில்தான் இருக்கிறது.

அதனால்தான் இன்றைய உரைக்கு வானொலியை எடுத்துக்கொண்டோம். நிலமும் கூலியும் வன்கொடுமை வழக்குகளும் காத்திருக்கும்போது, ரேடியோவில் வரும் கலைநிகழ்ச்சிகளைப் பற்றி எதற்குப் பேச்சு என்று சிலர் கேட்கலாம். பொதுவெளியில் யார் பெயர் சொல்லப்படுகிறது, யார் பெயர் விடுபடுகிறது என்பதும் நிலப் பிரச்சினையைப் போன்றதுதான். காற்றும் ஒரு பொதுநிலம். அதிலும் பட்டா கேட்கத்தான் வேண்டும்.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். ‘கம்யூனிட்டி ரேடியோ’ என்பதைத் தமிழில் ‘சமுதாய வானொலி’ என்கிறோம். நல்ல சொல். ஆனால் நம் தென்மாவட்டச் சுவரொட்டிகளில் சமுதாயம் என்றால் என்ன பொருள்? ‘எங்கள் சமுதாயத்தின் விடிவெள்ளி’, ‘சமுதாயச் சொந்தங்களே’ என்று எழுதியிருந்தால், அங்கே சமுதாயம் என்பது சாதி. டீக்கடையில் ஒருவர் ‘நீங்க எந்தச் சமுதாயம்?’ என்று கேட்டால் அவர் சமூகவியல் பேசவில்லை என்பது நமக்குத் தெரியும். அப்படியானால் சமுதாய வானொலி என்பது யாருடைய சமுதாயத்தின் வானொலி? இந்தக் கேள்விதான் இன்றைய உரை.

வானொலி நம் காதுக்கு வந்த வழியைச் சற்று நினைத்துப் பார்ப்போம். திருச்சி வானொலி நிலையம் 1939இல் தொடங்கியது. அகில இந்திய வானொலியில் எது இசை, எது இசையல்ல என்பதை மேலிருந்தவர்கள் தீர்மானித்தார்கள். ஆர்மோனியத்துக்கே 1940 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தடை இருந்தது. நம் பக்கத்தில் விடிய விடிய நடந்த இசை நாடகங்களுக்கு உயிராக இருந்த பெட்டி அது. 1952இல் பி.வி. கேஸ்கர் அமைச்சரானதும் திரைப்பாடல்களும் விலக்கப்பட்டன. மக்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள். பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் இருந்த நமக்கு இலங்கை அலை பக்கத்து வீட்டுக் குரல்போலக் கேட்டது. ஆர்மோனியத்துக்கும் சினிமாப் பாட்டுக்குமே அந்த நிலை என்றால் பறைக்கும் ஒப்பாரிக்கும் என்ன இடம் இருந்திருக்கும்? கிராமிய நிகழ்ச்சிகளில் சில நிமிடங்கள் கிடைத்தன. ‘நாட்டுப்புறப் பாடல்’ என்ற பொதுப் பெயரும் கிடைத்தது. அந்தப் பாட்டு எந்தத் தெருவில் பிறந்தது என்பது அந்தப் பெயருக்குள் மறைந்துபோனது.

1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. கிரிக்கெட் ஒளிபரப்பு தொடர்பான வழக்கு அது. அந்த வழக்கில்தான் அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று நீதிமன்றம் சொன்னது. அதன் பின்னர்தான் கதவு மெல்லத் திறந்தது. 2004இல் அண்ணா பல்கலைக்கழகம் தன் வளாக வானொலியைத் தொடங்கியது. முதலில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் இருந்த அனுமதி, 2006ஆம் ஆண்டுக் கொள்கையால் தொண்டு அமைப்புகளுக்கும் விரிந்தது.

அந்தக் கொள்கையை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்கிறது அது. உள்ளூர் மொழியிலும் வட்டார வழக்கிலும் இருப்பது நல்லது என்கிறது. நிலையத்தின் உரிமையும் நிர்வாகமும் அந்தச் சமூகத்தைப் பிரதிபலிக்க வேண்டும் என்கிறது. ஒலிபரப்பின் வலு 100 வாட். செய்திக்கும் அரசியலுக்கும் இடமில்லை என்றும் அதே கொள்கை சொல்லிற்று. நமக்கு நடந்த கொடுமையைச் செய்தியாகச் சொல்ல முடியாது. ஆனால் பாட்டுக்கும் கூத்துக்கும் திருவிழாவுக்கும் தடையில்லை. ஆகவே சமுதாய வானொலியில் கலைநிகழ்ச்சி நேரத்தை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. நாம் நம் வாழ்க்கையை நம் வாயால் சொல்லக் கிடைத்திருக்கும் வாசல் அது.

நம் கடற்கரையில் இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 முதல் 90.4 அலைவரிசையில் ஒலிக்கிறது ‘கடல் ஓசை’. மீனவர்களுக்கென்றே மீனவச் சமூகத்தவர் தொடங்கிய வானொலி. காற்று எப்படி, அலை எவ்வளவு உயரம், இன்று கடலுக்குப் போகலாமா என்பதை அவர்கள் மொழியிலேயே சொல்கிறது. 1964 டிசம்பரில் ஒரே இரவில் தனுஷ்கோடியைக் கடலுக்குப் பறிகொடுத்த தீவுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை. ‘லோன் எடுக்க, தொழிலுக்குப் போக’ என்று பேசும் அதே பேச்சு ஒலிவாங்கியிலும் வரும்போது, தன் பேச்சு பிழையான பேச்சல்ல என்ற நிமிர்வு கேட்பவருக்கு வருகிறது. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு விசைப்படகும் எந்திரமும் வந்தபின் கரையில் அருகிவிட்டது. அதைக் காப்பாற்ற அருங்காட்சியகத்தைவிட இப்படிப்பட்ட வானொலியே பொருத்தமான இடம்.

தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் கருப்பொருள் சொல்லும்போது, தெய்வம், உணவு, மரம், பறவை என்ற வரிசையில் பறையையும் வைக்கிறது. நெய்தலுக்கு உரியது மீன்கோட்பறை என்கிறார்கள் பிற்கால இலக்கணிகளும் உரைகாரர்களும். எல்லா நிலத்துக்கும் பறை இருந்தது. பிறகு எப்போதோ அது ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்டது, சாவு வீட்டு ஊழியமானது, தொட்டால் தீட்டானது. ஆகவே பறையை வானொலியில் ஒலிக்கச் செய்வது எளிய விஷயமல்ல. 1980களிலும் 90களிலும் தமிழகத்தின் பல ஊர்களில் ‘இனி அடிக்க மாட்டோம்’ என்று நம் மக்கள் மறுத்தார்கள். சில இடங்களில் பறையைக் கொளுத்தினார்கள். அடிபட்டார்கள், ஊர்விலக்கும் பட்டார்கள். அந்த மறுப்பு நடந்த அதே காலத்தில்தான் மதுரையில் இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் கலைவிழாக்கள் நடத்தியது. தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டில் விடுதலைப் பாட்டுக் கட்டினார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி மேடை ஏறினார்கள். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கொளுத்தியவர்களும் அடித்தவர்களும் எதிரெதிர்த் தரப்பல்ல. கட்டாயத்தின் பேரில் அடிக்க மாட்டோம், விருப்பத்தின் பேரில் அடிப்போம் என்பதுதான் இரு தரப்பும் சொன்னது.

இந்த வேறுபாட்டை ஒரு வானொலி அறிவிப்பு எப்படிச் சொல்லும்? நம் ஊர்த் திருவிழா நோட்டீஸை நினைத்துப் பாருங்கள். முளைப்பாரி ஊர்வலம் எத்தனை மணிக்கு என்று இருக்கும். அன்னதானம் யார் உபயம், பந்தல் யார் உபயம் என்று இருக்கும். கடைசி வரியில் ‘ரேடியோ செட்’ போட்டவர் பெயர்கூடத் தவறாமல் இருக்கும். கொட்டு அடித்தவர் பெயர் இருக்காது. ‘மேளதாளங்கள் முழங்க’ என்ற இரண்டு சொல்லில் ஆறு மனிதர்கள் காணாமல் போவார்கள். அந்த நோட்டீஸை அப்படியே வாசித்தால் வானொலியும் அதே வேலையைத்தான் செய்யும். ஊருக்குள் நடந்த மறைப்பு பத்து கிலோமீட்டருக்குப் பரவும்.

ஆகவே ஒரு கோரிக்கை வைக்கிறோம். கலைநிகழ்ச்சி அறிவிப்பு எதுவானாலும் கலைஞரின் பெயர், அவர் ஊர், அவருக்குக் கற்றுத்தந்த ஆசான் பெயர், அவர் வாசிக்கும் கருவி ஆகிய நான்கும் சொல்லப்பட வேண்டும். கச்சேரி செய்பவருக்குக் குரு பரம்பரை சொல்லும் நாட்டில், உருமி வாசிப்பவருக்கும் ஒயிலாட்ட வாத்தியாருக்கும் அதைச் சொல்ல என்ன தடை? சொல்லிப் பழகினால் கேட்டுப் பழகும்.

பெயருக்கு அடுத்தது கூலி. ஒலிப்பதிவுக்கு அழைத்தால் பஸ் செலவும் ஒருநாள் வருமானமும் தர வேண்டும். சிறிய வானொலிகளிடம் பணமில்லை என்பது உண்மை. பணம் இல்லாதபோது பதிவின் பிரதியைத் தரலாம். நிகழ்ச்சிக்கு ஆள் தேடுபவர்களுக்குக் குழுவின் தொடர்பை, அவர்கள் ஒப்புக்கொண்டால், அறிவிக்கலாம். கலைக்குச் சேவை என்ற பெயரில் இலவச உழைப்புக் கேட்பது பழைய ஊழியத்தின் புதிய முகம்.

மூன்றாவது ஒப்புதல். ஒப்பாரி பாடும் அம்மா தன் துக்கத்தையும் பாடுகிறார், தன் மீதான அநியாயத்தையும் பாடுகிறார். அதைச் சாவு வீட்டில் செல்போனில் பிடித்துக்கொண்டு போய் ஒலிபரப்புவது திருட்டு. இன்னொரு நாள் அவரிடம் போய், எது ஒலிக்கலாம், எது வீட்டோடு இருக்கட்டும் என்று கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மறுக்கும் உரிமையும் நாம் போராடிப் பெற்றதே.

ஒன்றை ஒலிபரப்பவே கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். திருவிழாக்களில் குழாய் கட்டிப் போடும் சாதிப் பெருமிதப் பாடல்கள் எத்தனை ஊர்களில் கலவரத்துக்குத் திரி கொளுத்தின என்பது நமக்குத் தெரியும். ‘நேயர் விருப்பம்’ என்ற பெயரில் அவை உள்ளே வரக் கூடாது. எந்தச் சாதியைப் புகழ்ந்தாலும் கூடாது. நம்மைப் புகழ்ந்தாலும் கூடாது.

இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு, தெலங்கானாவின் மாச்னூரில் நடந்ததைச் சொல்கிறோம். அங்கே தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் பெண்கள் 2008 அக்டோபர் 15 அன்று ‘சங்கம் ரேடியோ’வைத் தொடங்கினார்கள். தலித் பெண்கள் நடத்தும் வானொலி. நிலையத்தை நடத்திய இருவருக்கும் நரசம்மா என்றே பெயர். உரிமம் கிடைப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் ஒலிப்பதிவைத் தொடங்கிவிட்டார்கள். பதிவு செய்த நாடாக்களைச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். விதை, பயிர், மருத்துவம், பண்டிகை, பாட்டு எல்லாம் அவர்கள் பேச்சு வழக்கிலேயே. அனுமதி வந்தபோது அவர்களிடம் ஒலிபரப்பச் சரக்கு இருந்தது. யாரோ வந்து அவர்களைப் பேட்டி எடுக்கவில்லை. கேள்வி கேட்டவரும் பதில் சொன்னவரும் பொத்தானை அழுத்தியவரும் அவர்களே.

நமக்கான வழியும் அதுதான். பாம்பனின் அலை பரமக்குடிக்கு எட்டாது; முதுகுளத்தூருக்கும் கமுதிக்கும் எட்டாது. நூறு வாட்டுக்கு அவ்வளவுதான் தூரம். கடற்கரைக்கு ஒரு வானொலி இருப்பதுபோல, கருவேலங்காட்டு ஊர்களுக்கும் ஒன்று வேண்டும். 2006 கொள்கைப்படி, பதிவு செய்து மூன்று ஆண்டுகள் பணியாற்றிய இலாப நோக்கற்ற அமைப்பு விண்ணப்பிக்கலாம். அப்படிப்பட்ட அமைப்புகள் இந்த அரங்கிலேயே இருக்கின்றன. அது கைகூடும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. இருக்கும் வானொலிகளின் வாசலுக்குப் போவோம். ஏப்ரல் 14க்கு நம் தெருவில் நடக்கும் கலைநிகழ்ச்சியையும், மாசி பங்குனியில் நடக்கும் ஒயிலாட்டத்தையும், சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்கள் பாடும் பாட்டையும் அறிவிக்கச் சொல்லிக் கேட்போம். கொள்கையே பாதி நேரத்தை மக்களுக்கு ஒதுக்கியிருக்கிறது. நாம் கேட்பது சலுகை அல்ல.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். இந்த விடுமுறையில் ஆளுக்கு ஒரு குரலைப் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், வயது, ஊர், யாரிடம் கற்றார், எந்த வேலையின்போது பாடுவது, ஒலிபரப்ப ஒப்புக்கொண்டாரா என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். அவருக்கு ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு வாருங்கள். அமைப்பு அந்த நோட்டுகளைச் சேர்த்து வைக்கும். நமக்கென்று ஒரு நிலையம் வரும் நாளில் முதல் மாத நிகழ்ச்சிப் பட்டியல் அந்த நோட்டுகளிலிருந்து எழுதப்பட வேண்டும்.

சமுதாயம் என்ற சொல்லைச் சாதியிடமிருந்து மீட்பது நீண்ட வேலை. ஊரும் சேரியும் கடற்கரையும் ஒரே அலைவரிசையில், ஒவ்வொருவர் பெயரும் சொல்லப்பட்டு, சமமாகக் கேட்கும்போதுதான் அந்தச் சொல்லுக்கு அதன் பொருள் திரும்பும். அதுவரை ‘எந்தச் சமுதாயம்?’ என்று யாராவது கேட்டால், ‘எல்லாரும் பேசுகிற சமுதாயம்’ என்று பதில் சொல்லுவோம்.

ஜெய்பீம்.