இழைப்புளிக்கு முன் திருப்புளி

ஐப்பசியில் நாலு நாள் மழை விடாமல் பெய்தால் போதும், கோடையில் ஒரு விரலால் தள்ளியதும் மூடிக்கொண்ட மர ஜன்னல் கதவு முரண்டு பிடிக்கத் தொடங்கிவிடும். தோள் கொடுத்துத் தள்ளுவோம். அதற்கும் மசியாவிட்டால் தச்சரை அழைத்து ஓரத்தைச் சீவச் சொல்வோம். சீவியதும் கதவு சமர்த்தாக மூடும். ஆனால் சித்திரை வெயிலில் அதே ஓரத்தில் வெளிச்சம் தெரியும். தூசியும் கொசுவும் அந்த வழியே வரும். சீவிய மரத்தை மறுபடி ஒட்டவைக்க முடியாது. ஆகவே கதவு இறுகினால் முதலில் எடுக்க வேண்டியது திருப்புளி. இழைப்புளி கடைசியில்தான் என்பதே என் கட்சி.

காரணம் மரத்தின் சுபாவம். அறுத்துப் பல ஆண்டு ஆன பிறகும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். அப்போது நீளம் அநேகமாக மாறாது, அகலம்தான் மாறும். மற்ற பல மரங்களைவிடத் தேக்கு அடக்கமானது. என்றாலும் அதன் ஈரப்பதம் 5 சதவீதம் கூடினால், 10 சென்டிமீட்டர் அகலமுள்ள சட்டம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வரை விரியும். இரட்டைக் கதவு ஜன்னலில் இப்படி நான்கு நெட்டுச் சட்டங்கள் இருக்கின்றன. நான்கும் விரிந்தால், கதவுக்கும் நிலைக்கும் இடையே தச்சர் விட்ட சந்து அடைபட்டுவிடும். இது தெரிந்துதான் நடுப்பலகையைப் பசை போட்டு ஒட்டாமல், சட்டத்தின் காடியில் செருகி மட்டும் வைப்பது தச்சு வழக்கம். பலகை விரிவதும் சுருங்குவதும் காடிக்குள்ளேயே நடந்துவிடும். மழையோடு வந்த வீக்கம் மழைக்காலம் போனதும் வடியும். வடியப் போகிற வீக்கத்துக்காக மரத்தை வெட்டுவானேன்?

அதோடு, இறுகுவதெல்லாம் வீக்கமும் அல்ல. கதவின் முழுப் பாரத்தையும் கீல்கள் தாங்குகின்றன. அதிலும் மேல் கீலைத்தான் பாரம் வெளியே இழுக்கிறது. அதன் திருகாணி தளர்ந்தால் கதவு முன்பக்கமாகச் சாயும்: கீழ் மூலை அடிச்சட்டத்தில் உரசும், மேல் மூலை பக்கத்துக் கதவில் இடிக்கும். நிலையின் விளிம்பில் சாக்பீஸைத் தேய்த்துக் கதவை ஒருமுறை மூடித் திறந்தால், உரசும் இடம் கதவில் வெள்ளையாகப் பதியும். விளிம்பு நெடுகப் பதிந்தால் வீக்கம். மூலையில் மட்டும் பதிந்தால் கீல். கீல் என்றால், கதவுக்கு அடியில் ஆப்பு வைத்துத் தாங்கி, தளர்ந்த திருகாணியைக் கழற்றி, துளைக்குள் பசை தடவிய மூங்கில் சிம்பை அடித்து, காய்ந்த பின் திருகாணியை மறுபடி முறுக்க வேண்டும். பெரும்பாலும் அத்தோடு கதவு நேராகிவிடும்.

"மழை வீட்டுக்குள் அடிக்கிறது, வெயில் வரும்வரை காத்திருக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். உரசும் இடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் பல கதவுகள் வழுக்கி மூடும். அதுவும் போதாவிட்டால் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம். கோடையிலும் இறுகுகிற கதவு என்றால் தாராளமாக இழைக்கலாம். அங்கே குறை அளவில்தான் இருக்கிறது. "அலுமினியம் போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே" என்பது அடுத்த வாதம். அலுமினியம் ஈரத்தில் உப்பாது என்பது உண்மை. ஆனால் அதன் தண்டவாளத்தில் தூசி அடையும், உருளை தேயும், ரப்பர் காய்ந்து வெடிக்கும். பராமரிப்பு வேண்டாத ஜன்னல் என்று ஒன்று கிடையாது. மரத்தில் வரும் கோளாறை ஒரு திருப்புளியும் கொஞ்சம் பசையும் வைத்து வீட்டிலேயே சரிசெய்யலாம் என்பது அதற்குள்ள அனுகூலம்.

வீக்கத்தைக் குறைக்கவும் வழி உண்டு. கதவுக்கு வர்ணம் அடிப்பவர் கண்ணுக்குத் தெரியும் இரு முகங்களுக்கும் அடிக்கிறார். மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன. நெட்டுச் சட்டங்களின் வெட்டுமுனைகள் இருப்பது அங்கேதான். மற்றப் பக்கங்களைவிடப் பல மடங்கு வேகமாக மரம் ஈரம் குடிப்பதும் அந்த முனைகள் வழியாகத்தான். வெயில் காலத்தில், மரம் நன்றாக உலர்ந்திருக்கும்போது, ஒரு நாற்காலி போட்டு ஏறி உங்கள் ஜன்னல் கதவின் மேல்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். வெறும் மரம் தட்டுப்பட்டால், அடுத்த மழைக்கு முன் அங்கே இரண்டு பூச்சு வர்ணம் அடித்துவிடுங்கள்.