நினைவகத்தில் ஓர் ஊர்ப்பெயர்



சாத்தூரை அடுத்து, வைப்பாறும் அருச்சுனா நதியும் கூடும் இடத்தில் அமைந்துள்ள இருக்கன்குடியை நீங்கள் அறிவீர்கள். ஆடிக் கடைசி வெள்ளியன்று மாரியம்மனை வழிபட அங்கே திரளும் மக்கட் பெருக்கையும் அறிவீர்கள். அவ்வூரின் பெயருக்குக் கணிப்பொறியின் நினைவகத்தில் எவ்வளவு இடம் வேண்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். சிறிய பொருள்தான்; ஆயினும் அதனால் அல்லலுற்ற பெரியவர் ஒருவரை நான் அறிவேன்.

சிவகாசியில் கிப்ட் பாக்ஸ் என வழங்கும் தீபாவளிப் பரிசுப் பெட்டியில் வெடிகளை அடுக்குவது ஒரு கைத்திறன். பெரியவற்றை முதலில் வைத்து, எஞ்சும் சந்துகளில் சிறியவற்றைச் செருக வேண்டும். கண்டபடி வைத்தால் அதே சரக்கு அதே பெட்டியில் அடங்காது. நினைவகத்தின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

குடும்பப் பதிவேடு ஒன்றைக் கணிப்பொறியில் அமைக்கிறோம் என்று கொள்வோம். மாவட்டக் குறிக்கு 1 பைட்டு, குடும்ப எண்ணுக்கு 4 பைட்டு, மற்றொரு குறிக்கு 1 பைட்டு, ஆக 6. ஆனால் சி மொழியில் இதே வரிசையில் எழுதினால், பெரும்பாலான பொறிகளில் ஒவ்வொரு பதிவும் 12 பைட்டுகளை விழுங்கிவிடும். ஏன்? நான்கு பைட்டு எண், நான்கால் வகுபடும் முகவரியில் தொடங்குவதையே பொறி விரும்புகிறது. அதற்காக முன்னே 3 பைட்டுகள் வெற்றிடமாக விடப்படுகின்றன. அடுத்த பதிவும் ஒழுங்கான முகவரியில் தொடங்க வேண்டுமாதலால் இறுதியிலும் 3. பெரிய எண்ணை முதலில் வைத்து, குறிகள் இரண்டையும் பின்னே சேர்த்தால் 8 பைட்டுகளே போதும். ஒரு கோடிப் பதிவுகளில் நான்கு கோடி பைட்டுகள் மிச்சம்!

இதனைக் கம்பைலரே செய்துவிடலாகாதா என்று கேட்பீர்கள். எழுதிய வரிசையை மாற்றலாகாது என்பது சி மொழியின் விதி. ரஸ்ட் மொழியோ தானே வரிசையை மாற்றிக்கொள்ளும். வேண்டாமென்று நாம் சொன்னால் சி மொழியின் முறைப்படி நிற்கும். வெற்றிடமே இல்லாமல் நெருக்கி அடைக்கவும் வழியுண்டு; ஆனால் சில பொறிகள் அதனால் வேகம் குன்றும், சில ஓட மறுத்தே நின்றுவிடும். ஆதலின் அவ்வழியை நான் எளிதில் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி ஊர்ப்பெயருக்கு வருவோம். பதிவில் அதற்கு 32 பைட்டுகள் ஒதுக்கினார் ஒருவர். ஆங்கிலத்தில் இருக்கன்குடிக்கு 11 எழுத்து, 11 பைட்டு. எனவே 32 தாராளம் என்று அவர் எண்ணியதில் வியப்பில்லை. தமிழிலோ கண்ணுக்குத் தெரிவன 7 எழுத்துகள். யூனிகோடு முறையில் ரு என்பது ரகரமும் உகரக் குறியுமாக இரண்டு. க் என்பது ககரமும் புள்ளியுமாக இரண்டு. இவ்வாறு எண்ணினால் ஊர்ப்பெயரில் 12 குறியீடுகள். 1992இல் வகுக்கப்பட்ட யூடிஎப் 8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு, ஆக 36. முப்பத்திரண்டில் அடைத்தால் ‘இருக்கன்கு’ வரை வந்து, டகரம் நடுவிலேயே அறுபடுகிறது.

நான் சொன்ன பெரியவரின் சான்றிதழில் நேர்ந்தது இதுவே. “இது எந்த ஊருங்க, பெரியவரே?” என்று வேறோர் அலுவலகத்தில் கேட்டார்கள். “இருக்கன்குடிதாங்க ஐயா. கடைசி எழுத்து எங்கே போச்சுன்னு எனக்கென்ன தெரியும்?” என்றார் அவர். திருத்தம் பெற அவர் மூன்று முறை நடந்தார்.

டேஸ் 16 என்னும் முறை ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டிரண்டு பைட்டு அளிக்கிறது. அதில் இப்பெயர் 14 பைட்டில் அடங்கும். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு இதனையும் ஏற்றது. எனினும் கைப்பேசிகளும் வலைத்தளங்களும் யூனிகோடிலேயே இயங்குகின்றன. நாம் அதற்கேற்பவே இடம் வகுத்தாக வேண்டும். பெயரை வேறிடத்தில் முழுதாக வைத்து, அதன் முகவரியையும் நீளத்தையும் மட்டும் பதிவில் குறிப்பது ஒரு நல்ல வழி. பதிவுக்குள்ளேயே வைத்தாக வேண்டுமெனில், வெட்டும் இடம் முழு எழுத்தின் எல்லையா என்று பார்த்தே வெட்ட வேண்டும். இருக்கன்குடியை அளந்து 36 பைட்டு ஒதுக்கியவரும் அதே மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் மீண்டும் இடறுவார். அதற்கு 54 வேண்டும்.