கட்டிலருகே படிப்பும் கணக்கும்



நம் புளியங்குடியில் எலுமிச்சைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவரைப் பாம்பு கடித்தால் என்ன செய்கிறோம்? உள்ளூர் ஆஸ்பத்திரியில் முதலுதவி, அடுத்து தென்காசி, நிலைமை மோசமானால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு. 1965-இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியைத்தான் நாம் ஐகிரவுண்டு என்கிறோம். அங்கே அவர் படுத்திருக்கும் கட்டிலைச் சுற்றி நின்றுதான் நம் பிள்ளைகள் மருத்துவம் கற்கிறார்கள். அந்தக் கட்டிலுக்கு ஒரு செலவுக் கணக்கும் உண்டு. படிப்பு பேராசிரியர் பொறுப்பு, கணக்கு அலுவலகத்தின் பொறுப்பு என்று பிரித்து வைத்திருக்கிறோம். அந்தப் பிரிவினை தவறு என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பாம்புக்கடியையே எடுத்துக்கொள்வோம். கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறையும் தன்மை கெடும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்திருந்து, ஒருமுறை சாய்த்துப் பார்த்தால் போதும். உறையாமல் ஓடினால் விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கிறது என்று பொருள். பிளாஸ்டிக் குழாய் ஆகாது. சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் ஆகாது. இரண்டுமே தப்பான முடிவைக் காட்டிவிடும். ரத்தம் உறையவில்லை என்றால் விஷமுறிவு மருந்தை வழக்கமாக 10 குப்பி வரை ஏற்றி, 6 மணி நேரம் கழித்து மறுபடி அதே சோதனை. உறைந்துவிட்டால் விட்டுவிடவும் முடியாது. திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். கட்டுவிரியனோ நல்லபாம்போ என்றால் இமை சரிகிறதா, மூச்சு தளர்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

அந்த 20 நிமிடமும் கட்டிலருகே காத்திருக்கும் மாணவிக்கு, ஒரு குப்பி மருந்து எப்படி வருகிறது என்பதையும் ஆசிரியர் சொல்லலாமே! மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தின் இருளர்கள் பாம்பு பிடித்து விஷம் எடுக்கிறார்கள். அதைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்துத்தான் மருந்து தயாராகிறது. தேவையில்லாமல் ஒரு குப்பியை உடைத்தால், இன்னொரு ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடுகிறவருக்கு ஒரு குப்பி குறையும். தேவைப்படும்போது தயங்கினாலோ, எதிரே படுத்திருப்பவர் போய்விடுவார். சிக்கனமும் சிகிச்சையும் அந்த ஒரே சோதனையில் அடங்கியிருக்கின்றன. இதைக் கரும்பலகையில் எழுதிப் புரியவைக்க முடியாது.

நம் மாநிலத்தில் இந்தக் கணக்கைப் படிக்க நல்ல ஏடு ஒன்று இருக்கிறது. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலம் முழுவதற்குமாக மருந்துகளைப் பொதுப்பெயரில் மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, கிடங்குகளுக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் ஒதுக்கீடு இருக்கும். எடுக்க எடுக்கக் கழியும். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்ட முறை இது. ஆனால் ஐந்தரை ஆண்டு படித்து வெளியே வரும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் பாஸ்புக்கைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பார்கள்? நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பணிக்குப் போனால், அதை வைத்துத்தான் அவர்கள் மருந்து வாங்கியாக வேண்டும்.

அடுத்து காப்பீடு. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது. இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அரசு ஆஸ்பத்திரிகளும் இதில் பணம் ஈட்டி, கருவிகள் வாங்குகின்றன. நல்ல திட்டம், ஏழைகளைக் கடனிலிருந்து காத்த திட்டம். ஆனால் அது பணம் தருவது அறுவைக்கும் சிகிச்சைக்கும்தான். பேராசிரியர் ஒரு மணி நேரம் கட்டிலருகே நின்று, வயிற்றை எப்படித் தொட்டுப் பார்ப்பது என்று சொல்லிக் கொடுத்தால், அதற்கு எந்தப் பட்டியலிலும் தொகை கிடையாது. தொகை இல்லாத வேலை நாளடைவில் சுருங்கும். ரவுண்ட்ஸில் இருக்க வேண்டிய ஹவுஸ் சர்ஜன், காப்பீட்டு முன் அனுமதிக் காகிதத்தோடு அலைந்தால் அவருடைய படிப்பு என்னாவது?

எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி வேறு வழி காட்டினார். அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பிறகு, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் தருகிறவர்களின் பணத்தில் இலவச சிகிச்சையையும் நடத்தினார். கண்புரை அறுவையில் பொருத்தும் விழிலென்சின் விலை எட்டாத உயரத்தில் இருந்ததால், 1992-இல் ஆரோலேப் என்ற தங்கள் நிறுவனத்தின் மூலம் உள்ளூரிலேயே செய்யத் தொடங்கினார்கள். மருத்துவமனை நிர்வாகம் கற்பிக்கத் தனி நிறுவனமும் வைத்தார்கள். கண்புரைக்குப் பொருந்துவது பொது மருத்துவ வார்டுக்கு அப்படியே பொருந்தாது, உண்மைதான். ஒவ்வொரு காய்ச்சலும் ஒவ்வொரு மாதிரி. ஆனாலும் மருத்துவமும் கணக்கும் ஒரே கையில் இருக்க முடியும் என்று அங்கே நிரூபணமாகியிருக்கிறது.

2019-இல் வந்த திறன்சார் மருத்துவப் பாடத்திட்டம், நோயாளியிடம் பேசும் முறையையும் அறத்தையும் பாடமாக்கியது. அதை மனதார வரவேற்கிறேன். அதோடு ஒன்று சேர வேண்டும். கேஸ் பிரசன்ட் பண்ணும் மாணவர், நோய், சோதனை, சிகிச்சை எல்லாம் சொல்லி முடித்ததும், இவருக்கு எழுதிய மருந்தின் விலை என்ன, இங்கே படுத்ததால் எத்தனை நாள் கூலி போயிற்று, திரும்பவும் காட்ட வர பஸ்ஸுக்கு எவ்வளவு ஆகும் என்றும் சொல்லட்டும். தேர்வில் அதற்கு மதிப்பெண் வேண்டும். இல்லாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். காப்பீட்டு வருவாயில் ஒரு பங்கைக் கற்பித்தலுக்கென்று எழுதி ஒதுக்க வேண்டும்.

2022 ஜனவரி 12-இல் தமிழ்நாட்டில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள், 1,450 இடங்கள். பக்கத்து விருதுநகருக்குக் கிடைத்தது; 2019-இல் பிறந்த நம் தென்காசி மாவட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. நமக்கும் கல்லூரி வேண்டும் என்று கேட்பது நியாயம், நானும் கேட்கிறேன். மனுவில் கட்டடத்தோடு இதையும் எழுதுங்கள்: கட்டிலருகே நின்று கற்பிக்க எத்தனை ஆசிரியர்கள் வருவார்கள், அவர்களுக்கான பணம் ஆண்டுதோறும் எந்தக் கணக்கிலிருந்து வரும்?