பொய்ப் பள்ளமும் மெய்த் துடிப்பும்

கண்களை மறைக்கும் கருவியொன்றைத் தலையில் பூண்டு, இல்லாத உலகில் உலவுவதை மெய்நிகர் அனுபவம் என்கிறோம். 1968-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஐவன் சதர்லாண்ட் செய்த இத்தகைய கருவி கூரையோடு பிணைக்கப்பட்டிருந்தது. இன்றோ அது கைப்பைக்குள் அடங்குகிறது.

அவ்வுலகில் நிற்பவர் மெய்யாகவே அஞ்சுகிறாரா? அவரையே கேட்டால், நம் மனம் கோணாதிருக்க "ஆம்" என்றும் சொல்லக்கூடும். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தார் 2002-இல் வெளியிட்ட ஆராய்ச்சி வேறு வழியை நாடிற்று. கதவைத் தாண்டியதும் இருபதடிப் பள்ளம் கண்ணுக்குத் தோன்றும். காலின் கீழோ சமதரைதான். ஒன்றரை அங்குல உயரப் பலகையை வைத்து, பள்ளத்தின் விளிம்பைப் பாதத்துக்கும் உணர்த்தினார்கள். இதயத் துடிப்பு இன்னும் விரைந்தது!

இத்துடிப்பை அளக்கும் உணரி எளியது. விரலில் பச்சை ஒளி பாய்கிறது; குருதி பெருகும்போது அதனை மிகுதியாக உறிஞ்சுகிறது; திரும்பி வரும் ஒளியின் ஏற்றத்தாழ்வே நாடி. கடையில் வாங்கும் கைப்பட்டைகள் பலவும் இறுதி எண்ணை மட்டுமே காட்டும். அந்த எண் எவ்வாறு பிறந்தது என்று நாம் கேட்க இயலாது.

இது நம்மவர்க்கு அற்ப விஷயமன்று. ஒளியால் குருதியின் பிராணவாயுவை அளக்கும் கருவிகள், வெள்ளையரைக் காட்டிலும் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அடிக்கடி குறைபாட்டைக் காணத் தவறியதாக 2020-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு காட்டிற்று. சருமத்தின் கருநிறமும் ஒளியை விழுங்குகிறதன்றோ? மின்சுற்றின் படத்தையும் கணினி நிரலையும் யாவர்க்கும் திறந்து வைத்தால், ஒளியைக் கூட்டி, மூல அலையையே கண்ணாற் கண்டு திருத்தலாம். இத்தாலியின் இவ்ரியா நகரில் 2005-இல் தோன்றிய ஆர்டுயினோ என்னும் திறந்த பலகை இதற்குப் பெரிதும் உதவுகிறது. உதிரிப் பாகங்கள் மும்பை லாமிங்டன் சாலையிலும் பெங்களூர் எஸ்.பி. சாலையிலும் கிடைக்கின்றன, கல்லூரியில் பயிலும் உங்கள் பிள்ளைகள் அவ்வழியை அறிந்திருப்பார்கள்.

நாம் முதலில் கட்டிய உணரி எம்மை நன்றாக ஏமாற்றியது. கையை வீசும்போதெல்லாம் துடிப்பு தாவி ஏறிற்று. பயந்தான் என மகிழ்ந்தோம். உண்மையில் ஆடியது கம்பி! பின்னர், அசைவை அளக்கும் சிற்றுணரி ஒன்றையும் அருகே பொருத்தி, கை அசைந்த கணங்களின் அளவுகளை விலக்கினோம். சோதனைக்கு முன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, அவரவர் இயல்பான துடிப்பையும் குறித்துக்கொண்டோம். அதன் பின்னரே பள்ளத்தைக் காட்டினோம்.