எரிந்த ஏடுகளும் நம் இரும்பு அலமாரியும்

(கரியாஹாட்டில் நடைபெற்ற மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை மாலையில் கரியாஹாட் சந்தை நெரிசலையும் நடைபாதைக் கடைகளையும் தாண்டி, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். மேம்பாலத்துக்கு அடியில் சதுரங்கம் ஆடுகிறவர்களை வேடிக்கை பார்த்து நின்றுவிட்ட இரண்டு தோழர்களும் இப்போதுதான் வந்து சேர்ந்தார்கள். ஆகவே தொடங்கலாம்.

தணிக்கை, விஞ்ஞானக் கருவிகள், அறிவின் இழப்பு என்று பலகையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். மெட்ரிக் படித்துவிட்டு ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது கொஞ்சம் பெரிய சட்டைதான். ஆனால் இன்று இதைப் பேச ஒரு காரணம் உண்டு. நமது சங்கத்தின் இரண்டு இரும்பு அலமாரிகளையும் காலி செய்து, புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுவிடலாம் என்று செயற்குழுவில் ஒரு யோசனை வந்திருக்கிறது. இட நெருக்கடி உண்மை. வாடகை ஏறுவதும் உண்மை. "எல்லாம்தான் செல்போனில் கிடைக்கிறதே அண்ணே" என்று கேட்ட தம்பியின் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. அவருக்கு நாலு பேர் முன்னிலையில் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் வந்திருக்கிறோம்.

முதலில் இரண்டு கதைகள். ஒன்று, ஜார்ஜ் ஆர்வெல் எழுதி 1949-ல் வெளிவந்த '1984' என்ற நாவல். இவர் எங்கோ பிறந்த வெள்ளைக்காரர் என்று நினைக்காதீர்கள். பீகாரில் மோதிஹாரியில் பிறந்தவர். தகப்பனார் அபின் இலாகாவில் உத்தியோகம் பார்த்தார். அந்த நாவலின் நாயகனும் எங்களைப் போல ஒரு குமாஸ்தாதான். அவன் வேலை என்ன தெரியுமா? பழைய செய்தித்தாள்களைத் திருத்துவது. நேற்று அரசாங்கம் சொன்னது இன்று பொய்யாகிவிட்டால் நேற்றைய பத்திரிகையையே மாற்றி அச்சடிப்பார்கள். பழைய தாள் ஒரு துவாரத்தின் வழியாக நேரே உலைக்குப் போய்விடும். அப்புறம் யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது.

இன்னொன்று, அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி 1953-ல் எழுதிய 'ஃபாரன்ஹீட் 451'. அதில் தீயணைப்புப் படைக்கு நெருப்பை அணைப்பது வேலையல்ல. புத்தகம் வைத்திருக்கும் வீட்டைக் கொளுத்துவதுதான் வேலை. வீட்டுச் சுவர் முழுக்கத் தொலைக்காட்சி, காதுக்குள் சதா பாடிக்கொண்டிருக்கும் சின்னக் கருவி. டிராமில் வருகிற நம் பிள்ளைகளின் காதைப் பார்த்தால் இது எழுபது வருடத்துக்கு முந்தைய கதை என்று நம்பவே முடியவில்லை. அதில் படைத்தலைவன் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறான். இதை அரசாங்கம் ஆரம்பிக்கவில்லையாம். ஜனங்கள்தான் முதலில் படிப்பதை விட்டார்களாம். புத்தகம் சுருங்கிச் சுருங்கி நாலு வரியாகி, பிறகு அதுவும் வேண்டாமென்று ஆன பின்னால்தான் நெருப்பு வந்ததாம். இந்த இடத்தை எத்தனை தடவை படித்தாலும் எங்களுக்குச் சுருக்கென்று தைக்கிறது. கடைசியில் ஊரைவிட்டு ஓடிப்போனவர்கள் பழைய ரயில் பாதை ஓரமாக அலைகிறார்கள். ஆளுக்கு ஒரு புத்தகத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ரயில் பாதை என்று படித்ததும் எங்களுக்கு ஒரு சொந்தம் வந்துவிட்டது. அதை மறைப்பானேன்!

கதை போதும். நடந்ததைப் பார்ப்போம்.

யாழ்ப்பாணத்தில் 1933-ல் கே. எம். செல்லப்பா என்ற அன்பர் தம் வீட்டிலேயே புத்தகங்களைத் திரட்டி ஊராருக்குக் கொடுக்கத் தொடங்கினார். அது பொது நூலகமாக வளர்ந்தது. சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் போட்டுக் கொடுத்தார். நூலகத்துறை மேதை எஸ். ஆர். ரங்கநாதன் ஆலோசனை சொன்னார். 1959-ல் புதுக் கட்டடம் திறக்கப்பட்டது. ஊரார் காசு, ஊரார் உழைப்பு. அரைநூற்றாண்டில் சுமார் 97,000 நூல்கள் சேர்ந்தன. அவற்றோடு ஓலைச்சுவடிகளும், பழைய பத்திரிகைகளும், வேறெங்கும் இல்லாத கையெழுத்துப் பிரதிகளும் இருந்தன.

1981 மே 31 இரவு தொடங்கிய வெறியாட்டத்தில், சீருடை அணிந்தவர்களும் காடையர்களும் சேர்ந்து அதைக் கொளுத்தினார்கள். 'ஈழநாடு' நாளிதழின் அலுவலகமும் அதே நாட்களில் எரிந்தது. பன்மொழிப் புலவரான தாவீது அடிகள் நூலகம் எரிவதைக் கண்டு மாரடைப்பால் இறந்துபோனார். கவிஞர் நுஃமான் இதைப் பாட 'புத்தரின் படுகொலை' என்று கவிதைக்குப் பெயர் வைத்தார்.

தோழர்களே, கடையை எரித்தால் சரக்கு போகும், வீட்டை எரித்தால் கூரை போகும். நூலகத்தை ஏன் எரிக்கிறார்கள்? நாளைக்கு ஒரு பையன் வந்து, "நம் ஊரில் முன்னே என்ன இருந்தது?" என்று கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு தாளும் இருக்கக்கூடாது என்பதற்காகத்தான். பிறகு கட்டடத்தை மறுபடி எழுப்பினார்கள். வெள்ளை வெளேரென்று நிற்கிறது. அச்சுப் புத்தகத்தை மீண்டும் வாங்கலாம். ஒரே பிரதியாக இருந்த சுவடியை எந்தக் கடையில் வாங்குவது?

நமது நாடு மட்டும் சளைத்ததா? இந்தக் கல்கத்தா தலைநகரமாக இருந்தபோது, 1878-ல் லிட்டன் பிரபு ஒரு பத்திரிகைச் சட்டம் கொண்டுவந்தார். அது ஆங்கிலப் பத்திரிகைகளைத் தொடவில்லை. இந்திய மொழிப் பத்திரிகைகளின் கழுத்தை மட்டும் பிடித்தது. வங்காளத்தில் வந்துகொண்டிருந்த 'அமிர்த பஜார் பத்திரிகா' சட்டத்துக்குத் தப்புவதற்காக உடனே ஆங்கிலப் பத்திரிகையாக மாறிவிட்டது. சாமர்த்தியம்தான். ஆனால் ஆங்கிலம் தெரியாத வாசகன் என்ன ஆனான்? வீட்டில் பேசுகிற மொழியில் எழுதினால்தான் ஆள்பவர்களுக்குப் பயம் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

அப்புறம் நெருக்கடி நிலை. 1975 ஜூன் 25 இரவு. ஆர்வெல் பிறந்தது 1903 ஜூன் 25. இந்தப் பொருத்தத்தை யாரும் திட்டமிட்டிருக்க முடியாது! வங்க எழுத்தாளர் கௌர்கிஷோர் கோஷ், எழுதும் உரிமை செத்துவிட்டதென்று தலையை மழித்துக்கொண்டு தெருவில் நடந்தார். தம் பதின்மூன்று வயது மகனுக்கு எழுதிய கடிதமாக ஒரு கட்டுரையை வெளியிட்டார். அக்டோபரில் மிசா சட்டத்தில் பிடித்துச் சிறையில் போட்டார்கள். தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31-ல் ஆட்சி கலைக்கப்பட்ட பின், கைதானவர்களின் பெயரைப் போடத் தணிக்கை இடம் கொடுக்கவில்லை. பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். அன்று அவர் நினைவிடத்துக்கு மலர் வைக்க வர இயலாதவர்கள் என்று 'முரசொலி' ஒரு பட்டியல் போட்டது. படித்தவர்களுக்குப் புரிந்துவிட்டது!

இப்போது எங்கள் வீட்டுக் கதை ஒன்று. சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

1974 மே 8 முதல் இருபது நாள் நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சுமார் 17 லட்சம் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். எங்கள் தகப்பனார் அப்போது கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் இருந்தார். நாங்கள் பிறக்கவில்லை, அம்மா சொல்லித் தெரிந்தது. தகப்பனாரிடம் ஒரு நீள நோட்டு இருந்ததாம். எந்தக் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது, யார் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது, முதலில் என்ன வேலையில் சேர்ந்தது, வேலைநிறுத்த நிதிக்கு எவ்வளவு அரிசி, எத்தனை ரூபாய் கொடுத்தது என்று வீடு வீடாகப் போய் எழுதியிருந்தாராம். ஒரு நாள் விடியற்காலை பக்கத்துத் தெருவில் ஆட்களைப் பிடிக்கிறார்கள் என்று செய்தி வந்தது. தகப்பனார் வீட்டில் இல்லை. அம்மா அந்த நோட்டைத் தாள் தாளாகக் கிழித்துக் கரியடுப்பில் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு அந்த அடுப்பில் சோறு பொங்கவில்லை, நோட்டுதான் எரிந்தது என்பார்கள்.

அம்மா செய்தது தப்பா? இல்லை. நோட்டு கிடைத்திருந்தால் அத்தனை பெயரும் மாட்டியிருக்கும். ஆனால் பயம் போன பிறகும் நோட்டு திரும்பி வரவில்லை. தகப்பனார் மறுபடி எழுத உட்காரவும் இல்லை. "ஒரு தடவைதான் எழுத முடியும்" என்று சொல்லிவிட்டாராம். போலீசார் எங்கள் வீட்டு வாசலுக்கே வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாசலுக்கு வராமலே காரியம் முடிந்துவிட்டது. இப்போது அம்மாவுக்கு ஞாபகம் இருப்பது பதினொரு குடும்பங்களின் பெயர்கள் மட்டும்.

இனி, எதிரியே இல்லாமல் நடக்கும் எரிப்பு ஒன்று உண்டு. உ. வே. சாமிநாதையர் சுவடி தேடி ஊர் ஊராக அலைந்தபோது கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போனார். பாண்டியர் காலத்துச் சுவடிகள் அங்கே இருந்தன என்று கேள்விப்பட்டுப் போனவருக்குக் கிடைத்த பதில், பழைய ஏடுகளையெல்லாம் சாஸ்திரப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டோம் என்பதுதான். யாரும் படைகொண்டு வரவில்லை. தணிக்கை அதிகாரி இல்லை. காப்பாற்ற வேண்டியவர்களே பக்தியோடு எரித்தார்கள். நாம் எடைக்குப் போடுவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே நெய் செலவானது, இங்கே கிலோவுக்கு இவ்வளவு என்று கையில் காசு வரும்.

செல்போன் தம்பிக்கு வருவோம். கருவியை நாங்கள் பழிக்கவில்லை. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றி உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தது. யாழ்ப்பாணத்தில் எரிந்ததை நெஞ்சில் வைத்திருந்த ஈழத்துப் பிள்ளைகள் 2005-ல் 'நூலகம்' என்ற இணைய நூலகத்தைத் தொடங்கி, வீட்டுப் பரணிலிருந்ததையெல்லாம் படமெடுத்து ஏற்றி வருகிறார்கள். அது பெரிய தொண்டு. ஆனால் அவர்கள் படமெடுத்துவிட்டோம் என்பதற்காகப் பரணைக் கொளுத்தச் சொல்லவில்லையே!

2009-ல் நடந்ததைக் கேளுங்கள். அமேசான் கம்பெனியிடம் காசு கொடுத்து மின்புத்தகம் வாங்கியிருந்தார்கள். வெளியிட்டவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், வாங்கியவர்களின் கருவியிலிருந்து கம்பெனியே அதை அழித்துவிட்டது. காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். அழிந்த புத்தகங்களில் ஒன்று எது? அதே '1984'! ஆர்வெல் இருந்திருந்தால் சிரித்திருப்பாரா அழுதிருப்பாரா தெரியாது. 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் இணையத்தை நிறுத்தினார்கள். வேகமான 4ஜி இணைப்பு அங்கே முழுதாகத் திரும்பி வர 2021 பிப்ரவரி ஆயிற்று. ஆக, நம் கையில் இருப்பதாக நினைக்கிறோம், சாவி இன்னொருவர் கையில் இருக்கிறது. அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? போன வருடம் நமது பழைய இதழ்கள் நாற்பதை ஆசையோடு படமெடுத்த தம்பியின் செல்போன் பாலிகஞ்ச் ஸ்டேஷனில் மழையில் நனைந்து செத்தது. இதழ்கள் அலமாரியில் இருக்கின்றன. படங்கள் இல்லை.

இங்கிருந்து அலிப்பூர் எவ்வளவு தூரம்? பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம். அங்கே பெல்வடேர் மாளிகையில் 1953-ல் பொதுமக்களுக்குத் திறந்த தேசிய நூலகம் இருக்கிறது. சுதந்திர இந்தியாவின் முதல் தேசிய நூலகர் பி. எஸ். கேசவன், மயிலாப்பூரில் பிறந்தவர். தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியராக இருந்த வையாபுரிப் பிள்ளை வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்களும் சுவடிகளும் இன்று அங்கேதான் இருக்கின்றன. நம்மில் எத்தனை பேர் அந்த வாசலை மிதித்திருக்கிறோம்? விலங்குக் காட்சிச்சாலைக்கு எல்லோரும் போயிருக்கிறோம், அதுவும் பக்கத்தில்தான்.

1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் எந்த மொழியில் புத்தகம் வந்தாலும் வெளியிட்டவர் தம் செலவில் ஒரு பிரதியை அந்த நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் ஒன்று போக வேண்டும். 1956-ல் பத்திரிகைகளையும் சட்டத்தில் சேர்த்தார்கள். நமது மாத இதழை ஒழுங்காக அனுப்பினோமா என்று செயற்குழுவைக் கேட்டோம். பாதி வருடங்களுக்கு ரசீது இல்லை. யாரும் நம்மைத் தணிக்கை செய்யவில்லை தோழர்களே. தபால் செலவுக்கு நாமே சோம்பினோம்.

ஆகவே செயற்குழு முன் நாங்கள் வைக்கும் யோசனை இதுதான். அலமாரி இருக்கட்டும். இடம் போதாவிட்டால் ஒன்றை எங்கள் வீட்டு வாசல் அறையில் போட்டுக்கொள்கிறோம். தம்பிமார்கள் இதழ்களை மறுபடி படமெடுக்கட்டும். இந்தத் தடவை மூன்று பேரிடம் மூன்று பிரதி இருக்க வேண்டும். விடுபட்ட இதழ்களை ஒரு விடுமுறை நாளில் அலிப்பூருக்கு நாமே கொண்டுபோய்க் கொடுப்போம், பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு.

இன்னொரு வேண்டுகோள். அம்மா சொன்ன பதினொரு பெயர்களை ஒரு புது நோட்டில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறோம். இதோ, மேசை மேல் இருக்கிறது. கரக்பூரிலிருந்து வந்த குடும்பங்கள் இந்தக் கூட்டத்திலேயே நாலைந்து உண்டு. மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி அந்த வருடம் குடியிருப்பில் இருந்தவர்கள் என்று இப்போதுதான் கேள்விப்பட்டோம். கூட்டம் முடிந்ததும் தேநீர் உண்டு. பாட்டி, கொஞ்சம் இருந்துவிட்டுப் போங்கள். பேனாவும் இருக்கிறது.