நெல் விளைந்த கழனியும் பொறை விளைந்த நகரும்



'செலவு' என்னும் சொல்லுக்குப் பயணம் என்பதே பழம்பொருள். பொருளை இழத்தல் என்னும் பொருள் பின்னர் வந்தது. நல்ல பயணம் மேற்கொண்டவர் எதையேனும் இழந்தே இல்லம் திரும்புவர். இழப்பது பணமாகவும் இருக்கலாம், அறியாமையாகவும் இருக்கலாம்.

அமெரிக்க நாட்டின் தென்கரோலினா மாநிலத்தில் சார்ல்ஸ்டன் என்றொரு பழம்பட்டினம் உண்டு. 1670 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் நிறுவிய குடியிருப்பு அது. பத்தாண்டுகளுக்குப் பின், ஆஷ்லி, கூப்பர் என்னும் இரண்டு ஆறுகள் கடலோடு கூடும் முனைக்கு மாற்றப்பெற்றது. தேவாலயக் கோபுரங்கள் நிறைந்திருத்தலின் அதனைப் 'புனித நகர்' என்று அழைப்பர்.

வடக்கே ஜார்ஜ்டவுன் என்னும் ஊரிலிருந்து 17 ஆம் எண் நெடுஞ்சாலை அந்நகருக்குச் செல்கிறது. தொலைவு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். மகிழுந்தில் செல்வோர் சிறிது நேரத்தில் சாண்டீ ஆற்றின் கழிமுகத்தைக் கடப்பர். இருமருங்கும் கோரையும் நீரும் பரந்து கிடக்கும். பார்ப்பவர் அதனை வெறுஞ்சதுப்பு என்றே எண்ணுவர். அஃது ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலம்.

கடல் ஏறும்போது ஆற்றின் நன்னீர் மேல்நோக்கித் தள்ளப்படும். அப்போது மதகைத் திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சுவர். கடல் இறங்கும்போது நீரை வடிப்பர். இம்முறைக்காகச் சதுப்புக் காட்டை வெட்டித் திருத்தி, கரை எடுத்து, மதகு வைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள். அவர்களுள் பலர் மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் நாடுகளைச் சேர்ந்தவர்கள். உழைப்பு அவர்களுடையது, உழவறிவிலும் பெரும்பங்கு அவர்களுடையது, விளைச்சல் மட்டும் பிறருடையது ஆயிற்று.

நகரை நெருங்கும் மவுண்ட் பிளசன்ட் பகுதியில், சாலையோரச் சிறு கொட்டகைகளில் பெண்கள் அமர்ந்து புல்லால் கூடை முடைவதைக் காணலாம். இக்கலையின் மூலம் நெல் புடைக்கும் தட்டு. முறமும் உரலும் உலக்கையும் நம் இல்லங்களில் மங்கலப் பொருள்கள். அவையே அங்கு அடிமை வாழ்வின் கருவிகளாய் இருந்தன. எனினும் தாய் மகளுக்குக் கற்பித்து, அக்கைத்திறனை இன்றளவும் காத்து வருகின்றனர்.

2005 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற வடப்பாலத்தின் வழியே கூப்பர் ஆற்றைக் கடந்தால் நகர் வந்துவிடும். ஆற்றங்கரையில் கேட்ஸ்டன் துறை இருந்த இடம் உள்ளது. வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகளுள் மிகப் பலர் கரையிறக்கப்பட்ட துறைகளுள் அதுவும் ஒன்று. 2023 இல் அவ்விடத்தில் ஆப்பிரிக்க அமெரிக்கர் அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பெற்றது. அம்மண்ணை அழுத்தலாகாது என்று கருதிக் கட்டடத்தைத் தூண்களின் மேல் உயர்த்தி நிறுத்தியுள்ளனர். துன்புற்றோர் நின்ற மண்ணும் வணங்கத்தக்கதே.

அங்கிருந்து சிறிது தொலைவில் இம்மானுவேல் தேவாலயம் உள்ளது. கருப்பின மக்கள் தாமே அமைத்துக்கொண்ட பழமையான சபை அது. 1822 ஆம் ஆண்டில், விடுதலைக்காகக் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாகக் கூறி டென்மார்க் வீசி முதலிய 35 பேர் தூக்கிலிடப்பட்டனர். வீசி இச்சபையைச் சார்ந்தவர். அக்காலத்தில் இச்சபையின் கட்டடமும் அழிக்கப்பட்டது. அடிமைமுறை ஒழியும் வரை மக்கள் மறைவாகவே கூடி வழிபட்டனர்.

2015 ஆம் ஆண்டு ஜூன் 17 ஆம் நாள் இரவு, அங்கு மறைநூல் பயிலும் கூட்டம் நடந்தது. முன்பின் அறியாத வெள்ளையின இளைஞன் ஒருவன் வந்தான். அவனை வரவேற்று அருகில் அமர்த்தினர். ஏறத்தாழ ஒரு மணி நேரம் உடன் இருந்தவன், அவர்கள் கண்மூடி வேண்டுதல் செய்தபோது துப்பாக்கியால் சுட்டான். சபையின் தலைவர் கிளமென்டா பிங்க்னி உட்பட ஒன்பதின்மர் மாண்டனர்.

இரண்டு நாள் கழித்து, ஜூன் 19 இல், வழக்குமன்றத்தில் உறவினர்களைப் பேசுமாறு அழைத்தனர். தாயை இழந்த மகள் எழுந்து, அவனை மன்னிப்பதாகக் கூறினார். வேறு சிலரும் அவ்வாறே கூறினர். எல்லோராலும் அஃது இயலவில்லை. இயலாதவர் துயரமும் மதிக்கத்தக்கதே. மன்னிப்பைப் பிறர் கேட்டுப் பெறலாமேயன்றிக் கட்டளையிட்டுப் பெறுதல் ஆகாது.

மூன்றாண்டுகள் சென்றபின், 2018 இல் அதே ஜூன் 19 ஆம் நாள், சார்ல்ஸ்டன் நகர மன்றம் அடிமை வணிகத்தில் தன் பங்கிற்காக வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. எழுவர் உடன்பட்டனர், ஐவர் உடன்படவில்லை.

ஈண்டு ஒன்றை நினைத்தல் வேண்டும். புண்பட்டவர் பொறுப்பதற்கு இரண்டு நாள் போதுமானதாயிற்று. பிழை செய்த நகர் 'பிழை செய்தேன்' என்று சொல்வதற்கு மூன்று நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. வள்ளுவப் பெருந்தகை பொறையுடைமைக்குத் தனி அதிகாரமே வகுத்தார். ஆயினும் ஒருவர் பொறுத்துக்கொண்டார் என்பது, மற்றவர் திருந்தாமலிருக்க இசைவு ஆகாது. பொறுத்தல் மறத்தலும் ஆகாது.

அப்புனித நகருக்குச் செல்வோர் கோபுரங்களைக் கண்டு மகிழட்டும். சாலையோரத்துக் கோரைநிலத்தையும் சற்றே நின்று காணட்டும். அதன்பின் தம் இல்லத்தில் முறத்தைக் கையில் எடுக்கும் பொழுது, யாருடைய உழைப்பால் தம் சோறு வந்தது, யாரிடம் தாம் இன்னும் வருத்தம் தெரிவிக்கவில்லை என்று எண்ணுவாராயின், அச்செலவு வீண்செலவு ஆகாது.